லீலாபாயின் ஐரிஷ் ஸ்டூ

ஒரு வாரமாக இதே கூத்துதான். அமரவிளை வீட்டுச் சமையலறையில் பொன்னையன் முனகிக்கொண்டே கேரட் வெட்டினார். மனைவி லீலாபாய், அலமாரியில் சாய்த்து வைத்த போனைப் பார்த்தபடி ஐரிஷ் ஸ்டூ கிளறிக்கொண்டிருந்தாள்.

"இறைச்சியும் இல்ல, தேங்காப்பாலும் இல்ல. இதெல்லாம் ஒரு ஸ்டூவா?"

"அயர்லாந்துல தென்னை உண்டா? இது அவங்க ஊரு சைவ ஸ்டூவாக்கும்."

"பார்லி வேற! காய்ச்சக்காரன் கஞ்சி மாதிரி இருக்கு. யூட்யூப்ல எவளோ சொன்னான்னு..."

லீலாபாய் அசரவில்லை. வெந்த உருளைக்கிழங்கில் நாலு துண்டை மசித்துச் சேர்த்தாள். ஸ்டூ கெட்டியானது. கரண்டியில் அள்ளிப் போனுக்கு நேரே நீட்டினாள்.

போனுக்குள் யாரோ கை தட்டினார்கள். பொன்னையன் எட்டிப் பார்த்தார். வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி சிரித்தாள். பக்கத்தில், டப்ளினில் நர்ஸாக இருக்கும் மகள் ஷீனா.

"அம்மா, பாஸாயாச்சு! இவங்க வீட்டுல சமையல் வேலை ஒனக்குத்தான். எப்ப வருவேன்னு கேக்காங்க."

பொன்னையன் கையிலிருந்து கத்தி நழுவியது. "அப்ப எனக்கு யாரு சமைப்பா?"

லீலாபாய் கரண்டியை அவர் கையில் திணித்தாள்.

"ஒரு வாரமா உங்கள வெட்ட வச்சது பின்ன எதுக்காக்கும்?"