கேனில் ஓட்டை இல்லை

மரம் வெட்டும் முதலாளி ஒருவரின் வண்டியில் மெஷின் ரம்பம், பெட்ரோல் கேன், அரம் மூன்றும் இருந்தன. ஒரு நாள் காலை முதலாளி, "இந்த வாகைமரம் ஒரே கேன் பெட்ரோலில் விழவேண்டும். இல்லாவிட்டால் உங்களில் ஒன்று குப்பைக்குப் போகும்" என்றார்.

"ரம்பம் அண்ணே, பல் மழுங்கியிருக்கிறது. பத்து நிமிடத்தில் தீட்டிவிடுகிறேன்" என்றது அரம்.

"உன்னோடு உட்கார்ந்து பல் விளக்க எனக்கு நேரமில்லை. வேலை கிடக்கிறது."

காலை முழுக்க ரம்பம் அலறியது, புகை கக்கியது. மரத்திலிருந்து சிராய் தெறிக்கவில்லை, மாவுதான் உதிர்ந்தது.

"அண்ணே, நீங்கள் குடிப்பது தெரிகிறது, வெட்டுவது தெரியவில்லையே" என்றது கேன். மதியத்துக்குள் அது காலியாகிவிட்டது. மரம் பாதி வெட்டோடு நின்றது.

முதலாளி வந்தார். புகைந்துகொண்டிருந்த ரம்பத்தைத் தட்டிக்கொடுத்து, "பாவம், எப்படி உழைத்திருக்கிறது" என்றார். கேனைத் தலைகீழாகப் பிடித்து ஓட்டை தேடினார். ஓட்டை இல்லை. ஆனாலும் அதைக் குப்பையில் வீசிவிட்டு, இரண்டு மடங்கு பெரிய கேனை வாங்கி வந்தார்.

"முன்னால் இருந்தவன் ஓட்டைப் பயல். நீயாவது ஒழுங்காக இரு" என்று ரம்பம் புதுக் கேனிடம் சொன்னது.

அரம் புதுக் கேனை ஏற இறங்கப் பார்த்தது.

"நல்ல வாட்டசாட்டமாகத்தான் இருக்கிறாய். சாயங்காலம் வரை தாங்குவாய்."