கடையடைப்பு நாள்

பழைய கடைவீதியில் ஒரு பெருங்காயக் கடை. ராத்திரி அதன் வாசலை அடைக்கும் பலகைகளில் கடைசியாகச் செருகுவதும் காலையில் முதலில் கழற்றுவதும் ஒரே பலகையைத்தான். கழற்றிச் சுவரோரம் வெயிலில் சாய்த்து வைப்பார்கள். வருகிறவர்கள் அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். இன்று விடிந்து வெகுநேரமாகியும் யாரும் வரவில்லை. அந்த முதுகுகளின் சூட்டுக்குப் பலகை ஏங்கிப் போனது.

“இன்னைக்கு ஏன் திறக்கலை?” என்று பூட்டைக் கேட்டது.

“வீதியை இடிச்சுட்டு அடுக்குமாடி வளாகம் கட்டப் போறாங்களாம். அதை எதிர்த்துத்தான் கடையடைப்பு. எல்லாரும் ஊர்வலம் போயிருக்காங்க. எவன் இழுத்தாலும் நான் அசையமாட்டேன்!” என்றது பூட்டு.

பலகைக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அப்போது தலைநகரத்து அதிகாரிகள் இரண்டு பேர் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். அடைத்த கடைகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை படம் பிடித்தார்கள்.

“ஒரு ஈ காக்கா காணோம். இந்த வீதி செத்து ரொம்ப நாளாச்சு போல. இடிச்சா யார் சார் கேக்கப் போறா?” என்றார் ஒருவர்.

பலகை பதறிப்போய், தன் இடுக்கு வழியே பெருங்காய வாசனையை முடிந்தமட்டும் வெளியே விட்டது. அவர்களோ தூசிக்குப் பயந்து மூக்கில் கைக்குட்டையைக் கட்டியிருந்தார்கள். ஜீப் உறுமியது.

இத்தனை வருஷமாக எந்தத் திருடனுக்கும் மசியாத பூட்டு கெஞ்சியது:

“ஐயா, ஒரே ஒரு தடவை இழுத்துப் பாருங்களேன், உடனே திறந்துடறேன்!”