புதுப் பெயிண்ட்டும் கறுப்பு வயரும்

ஒரு வாடகைக் காரின் பின்சீட்டுக்கு அடியில் ஓர் ஆம்ப்ளிஃபையர் குடியிருந்தது. காருக்குப் புதுசாகப் பெயிண்ட் அடித்ததிலிருந்து அது வாயே திறக்கவில்லை. டிரைவர் மாசிலாமணி ஃபியூஸை மாற்றிப் பார்த்தார், ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தார். கடைசியில், "கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு, பாட்டுப் பெட்டியை அணைக்காமலே டீ குடிக்கப் போனார்.

"எல்லாம் உன்னாலதான்டா" என்று ஆம்ப்ளிஃபையர் ஸ்பீக்கரைத் திட்டியது.

"நீங்க அனுப்பினாத்தானே அண்ணே நான் பாட முடியும்? உங்க கறுப்பு வயரைக் கேளுங்க. பெயிண்ட் அடிச்சதுலேர்ந்து ஒரு தினுசா நிக்கிறான்."

கறுப்பு வயர் நெளிந்தது. "பெயிண்ட் புதுசு அண்ணே. மிதிச்சா கீறல் விழும். அதான் நுனிக்கால்ல நிக்கிறேன்."

"பெயிண்ட்டைத் தாண்டி நீ வண்டித் தகரத்துல கால் ஊனினாத்தான்டா எனக்குக் கரண்டே ஓடும். பெயிண்ட்டுக்கு வலிக்கும்னு என்னை எடைக்குப் போடுறியா?"

வயர் பெயிண்ட்டை ஒருமுறை ஆசையாகப் பார்த்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு அழுத்தி மிதித்தது. கர்ரென்று ஒரு கீறல். உடனே கார் முழுக்க நாதஸ்வரம்.

மாசிலாமணி டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவந்து, கதவில் தாளம் போட்டார்.

"கீறல் ரொம்பத் தெரியுதா அண்ணே?" என்று முனகியது வயர்.

"நீ காலை எடுத்தாத்தானேடா தெரியும்" என்று சொல்லிவிட்டு, ஆம்ப்ளிஃபையர் அடுத்த பாட்டுக்குப் போனது.