பின் சீட்டுக்கு அடியில்

சைதாப்பேட்டை டிங்கரிங் ஷெட்டின் தகரக் கூரை இடுக்கு வழியே இறங்கும் காலை வெயில், காரின் பின் சீட்டைக் கழற்றிய இடத்தில் நீளமாக விழுந்து கிடக்கிறது. அன்புக்கரசி குனிந்து பார்க்கிறாள். ஏழு மாதமாக அந்த இடத்தில்தான் தெருப் பிள்ளைகள் நாலு பேரை உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப் போகிறாள். டிங்கர் பொன்னுரங்கம் ஸ்க்ரூடிரைவரால் கார்த் தரையைத் தட்டுகிறார். டங்கென்று கேட்க வேண்டிய இடத்தில் சொத்தென்று கேட்கிறது. லேசாக நெம்பியதும் கறுப்புப் பெயிண்ட் அப்பளம்போல் உரிந்து, பள்ளத்தை நிரவப் பூசியிருந்த பட்டி பெயர்ந்து, அடியிலிருந்த தகடு செந்துருவாகப் பொடிந்து உதிர்கிறது. ஓட்டை வழியே ஷெட்டின் சிமெண்ட் தரை தெரிகிறது. "வெள்ளத்துல முழுகின வண்டிம்மா இது. துருவ சுரண்டாம மேலயே பட்டி வச்சி மூடிக்கீறாங்கோ. யார்கிட்ட வாங்கின?" அன்புக்கரசி வாசல் பக்கம் திரும்புகிறாள். வண்டியை அவளுக்கு விற்ற அண்ணன் கதிரேசன் வாசலோரம் நின்று செல்போனைத் தடவிக்கொண்டிருக்கிறான். "எனக்கு இன்னாம்மா தெரியும்? என் கைக்கு வர்றப்பவே இப்படித்தான் இருந்துருக்கும் போல." பக்கத்துப் பட்டறையின் சுத்தியல் சத்தம் சட்டென்று நிற்கிறது. கதிரேசனின் மகளும் அதே பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள். என்னோடு அனுப்பு என்று அன்புக்கரசி எத்தனையோ முறை கேட்டும், அவளைக் கூட்டமான பஸ்ஸில்தான் ஏற்றிவிடுகிறான். "அதான் உம் பொண்ண மட்டும் ஒருநாளும் இதுல ஏத்தலியாண்ணா?" கதிரேசனின் தலை குனிகிறது.