‘டா’வும் ‘டு’வும்

“ஏண்டி, உனக்குச் சோறு வேண்டுமா, வேண்டாமா?”

ஏழாம் வகுப்பில் தமிழ் டீச்சர் மேனகாவைக் கேட்ட கேள்வி. ‘எனக்குச் சோறு வேண்டும்’ என்று எழுதச் சொன்னதற்கு அவள் ‘வேண்டாம்’ என்று எழுதி வைத்திருந்தாள். வகுப்பே சிரித்தது. மறு வருஷம் மேனகா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாள். அந்தக் கேள்விதான் அவளை விடவில்லை. சாரம் பகுதியில் பேனர் அடிக்கும் கடையில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்த பிறகும் ஒவ்வொரு எழுத்தையும் திரும்பத் திரும்பப் பார்ப்பாள்.

பார்த்தும் இன்று மாட்டிக்கொண்டாள்.

“இதப் பாரு!” முதலாளி கலியமூர்த்தி செல்போனை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். நேற்று மாலை, கடற்கரைச் சாலை. எங்கோ கடலுக்கு அப்பால் நடக்கும் போரை நிறுத்தச் சொல்லி நடிகை கவிநிலா மெழுகுவர்த்தி ஏந்திக் கண்ணீர் விடுகிறார். பின்னால், இந்தக் கடையில் முந்தாநாள் அடித்த பேனர்: ‘போர் வேண்டும்!’

“ஊரே சிரிக்குது. கொல்லாதீங்கன்னு அந்தம்மா அழுவுது, பின்னாடி நீ கொல்லுங்கறே!”

“நான் ‘வேண்டாம்’னுதான் அடிச்ச மாதிரி இருக்குண்ணா...”

“மாதிரியா? ஃபைல் எங்க?”

வேலை முடிந்ததும் ஃபைலை அழிக்கச் சொன்னவரே அவர்தான். கம்ப்யூட்டரில் இடமில்லையாம்.

வாசலில் கார் நின்றது. நடிகையின் மேனேஜர் வெற்றிச்செல்வன் இறங்கி வந்தார். கையோடு கொண்டுவந்த பேனரைத் தரையில் உதறி விரித்தார்.

“யாரு அடிச்சது?”

கலியமூர்த்தியின் விரல் சட்டென்று மேனகா பக்கம் திரும்பியது.

“நீயாம்மா? அப்படியே நில்லு, வீடியோ எடுக்கணும். ‘எனக்குப் படிப்பு ஏறாது, எல்லாம் என் தப்புதான், மேடம் மன்னிக்கணும்’னு சொல்லு. மேடம் பேஜ்ல போட்டாத்தான் ஜனங்க வாய் அடங்கும்.”

“சொல்லிடு மேனகா,” என்று கிசுகிசுத்தார் கலியமூர்த்தி. “சொன்னா வேலை உண்டு. இல்லேன்னா நாளையிலேருந்து வராத.”

அன்றைக்குச் சிரித்தது ஒரு வகுப்பு. இன்றைக்குச் சிரிக்கப்போவது எத்தனை லட்சம் பேரோ!

மேனேஜரைக் குளிர வைக்கப் பார்த்தார் கலியமூர்த்தி. “நேத்து காலையில மேடம் கடலூர்ல பேசினதப் பாத்தேன் சார். எல்லையில பூந்து அடிக்கணும், ஒருத்தனையும் விடக் கூடாதுன்னு... அப்படியே புல்லரிச்சுப் போச்சு!”

“அது நாட்டுப்பற்று. இது மனிதநேயம்.”

“கரெக்ட் சார். நம்மூரு சரக்கே முள்ளோடை செக்போஸ்ட்டத் தாண்டிக் கடலூர் பக்கம் போனா வேற ரேட்டுதானே!”

வெற்றிச்செல்வன் முறைத்தார். பிறகு போனைத் தூக்கிப் பிடித்தார். “ம், சொல்லு.”

மேனகா நிமிரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்ன, தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தரையில் பேனர். பேனரில் அந்தப் பாழாய்ப்போன ‘டு’. அதன் ஒரு மூலை லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது.

குனிந்து நகத்தால் சுரண்டினாள். ஸ்டிக்கர்! உரிந்து விரலோடு வந்தது. அடியில், அவள் அடித்த ‘டா’ அடித்தபடியே இருந்தது.

“நேத்து காலையில கடலூருக்கும் இதே பேனர்தானா சார்?” என்றாள்.

வெற்றிச்செல்வன் போனைச் சட்டைப்பையில் போட்டார். பேனரைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கினார். அவள் விரலில் ஒட்டிக்கொண்டிருந்த ‘டு’வைக்கூடத் திருப்பிக் கேட்காமல் காரில் ஏறிப் போனார்.