சுருங்காத சட்டை

எகிப்தின் மஹல்லா துணி ஆலையில் முந்தின நாள் யாரோ சோடாத் தொட்டிக்குள் கையை விட்டு, துணியை இழுத்துப் பிடிக்கும் கிளிப்புகளைக் கழற்றிவிட்டிருந்தார்கள். ஏற்றுமதித் துணி முழுக்கச் சுருங்கிப் போயிருந்தது.

“காஸ்டிக் சோடா பட்டா பருத்தி இழைக்குள்ள படிக அடுக்கே மாறிடும். எத்தனை தடவை துவைச்சாலும் பழையபடி ஆகாது,” என்றார் இன்ஜினியர் நக்லா. “எல்லாரும் சட்டைக் கையைக் காட்டுங்க! செஞ்சவன் ஜெயிலுக்குத்தான்.”

வரிசையில் வக்திக்குப் பக்கத்தில் நின்ற ஷெனூதாவின் சட்டைக் கை சுருங்கி முழங்கைக்கு ஏறியிருந்தது.

“மாட்டுனியா மாப்ள!” என்று கிசுகிசுத்த வக்தி, மணிக்கட்டு வரை இறங்கிய தன் சட்டைக் கைகளை நெஞ்சை நிமிர்த்தி நீட்டினான்.

நக்லா அவன் முன்னால் நின்றார்.

“தினமும் சோடா தெறிக்கிற இடம். இங்க எல்லார் சட்டையும் சுருங்கித்தான் இருக்கு. உன் சட்டையில மட்டும் கடையில வாங்குன மடிப்புகூடக் கலையல. நேத்துப் போட்டிருந்தது எங்கடா?”