ஊசியின் எடை

எடைப் பலகையில் ஏறிய நாய் அப்படியே படுத்துக்கொண்டது.

அதை எழுப்ப மனமில்லாமல் அமலியும் பக்கத்தில் குந்தினாள். சிவப்பு எண்கள் முப்பத்தொன்பது கிலோ என்றன. போன மாதத்தைவிட இரண்டு கிலோ கூடுதல்.

"பாதி சோறுதானே போடச் சொன்னேன்?" என்றார் கால்நடை மருத்துவர்.

"பாதிதான் டாக்டர் போடுறேன். டம்ளர்ல அளந்து."

மருத்துவர் நாயின் விலாவை அழுத்திப் பார்த்தார். எலும்பு தட்டுப்படவில்லை. பின்னங்கால் மூட்டுகள் தேய்ந்துகொண்டு வருகின்றன, நெஞ்சைச் சுற்றிக் கொழுப்பு அடைத்து மூச்சு முட்டுகிறது, இப்படியே போனால் இந்த வெயில் காலத்தைத் தாண்டாது என்றார். திட்டவில்லை. அதுதான் அவளைச் சுட்டது.

"அப்போ வேற யாரோ போடுறாங்கம்மா. வீட்டுல பாருங்க."

ஆட்டோவில் நாய் அவள் மடியில் தலை சாய்த்து மூச்சு வாங்கியது. அலை வந்து வந்து திரும்புவதுபோல இருந்தது அந்த மூச்சு. வெளியே தூத்துக்குடிக் கடற்கரைச் சாலை வெயிலில் வெள்ளையாய் மிதந்தது.

நாய்க்கு ஊசி என்று பெயர் வைத்தது அவள் கணவர் மிக்கேல். துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். ஒன்பது வருடத்துக்கு முன்னால், கயிற்றுச் சுருளுக்குள் கிடந்த குட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். அவ்வளவு ஒல்லி.

இப்போது அவருக்கு வலப்பக்கம் விளங்காது. பேச்சு குழறும். அக்டோபர் மழையில் வந்த வாதம்.

இடக்கையால் சிந்திச் சாப்பிடுவதை யாரும் பார்க்கக் கூடாது அவருக்கு. தட்டை வாங்கிக்கொண்டு அறைக் கதவைச் சாத்தச் சொல்வார். காலடியில் ஊசி மட்டும் இருக்கும்.

தட்டு சுத்தமாய்த் திரும்பி வரும்.

குவைத்தில் இருக்கும் மகனிடம் ஒவ்வொரு ஞாயிறும் அவள் சொல்வது இதைத்தான். "ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டாங்கய்யா உங்கப்பா."

வீட்டுக்கு வந்ததும் வாசல் கேட்டைப் பூட்டினாள். பக்கத்து வீட்டு மதிலில் எட்டி, "எங்க ஊசிக்கு ஒண்ணும் போட்டுராதீங்க" என்றாள்.

"நாங்க எங்கக்கா போட்டோம்?"

மதியம் அவருக்குத் தட்டைக் கொடுத்துவிட்டு, கூடத்தில் சேலையை விரித்துப் படுத்தாள். கண் சொக்கியது.

கனவில் வீட்டுக்குள் கடல் நின்றது. முழங்கால் அளவு. குடமும் செருப்பும் மெல்லச் சுற்றிச் சுற்றி வந்தன. ஊசியும் மிதந்தது, காற்றடைத்த பந்தாக, எடையே இல்லாமல். அதன் கழுத்துக் கயிற்றைப் பிடித்தபடி மிக்கேல் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

அவர் கால் வைத்த இடத்தில் தண்ணீர் அசையவில்லை.

கூப்பிட்டாள். குரல் வரவில்லை.

எங்கோ எவர்சில்வர் தட்டு உரசியது.

விழித்தாள். கடல் வடிய நேரமாயிற்று. சத்தம் மட்டும் நிற்கவில்லை. காற்றுக்கு அறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

கட்டில் விளிம்பில் அவர். மடியில் தட்டு. இடக்கையால் மீனைக் கிள்ளி, முள் தடவிப் பார்த்து எடுத்து, சோற்றோடு பிசைந்து, உருட்டி, கீழே நீட்டினார்.

ஊசி வாங்கிக்கொண்டது.

இன்னொரு உருண்டை. இன்னொன்று. பிள்ளைக்கு ஊட்டுகிற நிதானம்.

கடைசியில் தட்டைத் தரையில் வைத்து நக்கக் கொடுத்தார். பிறகு குழம்பு விரலால் தன் உதட்டைத் தொட்டுக்கொண்டார். சாப்பிட்டதுபோல் இருப்பதற்கு.

அவள் கதவைத் தள்ளினாள்.

பனியன் தோளிலிருந்து நழுவிக் கிடந்தது. கழுத்தெலும்புக்குக் கீழே இரண்டு குழிகள். வேட்டியை இடுப்பில் எத்தனை சுற்று சுருட்டியிருந்தார்! ஏழு மாதமாய் அந்தத் துணிகளைத் துவைத்துக் காயப்போட்டவள் அவள்தான்.

காலையில் ஒரு செம்பு கேப்பைக் கூழ். சாயங்காலம் டீயில் ஊறிய இரண்டு பிஸ்கட். அவள் கண்ணெதிரே அவர் சாப்பிடுவது அவ்வளவுதான். அதில்தான் உயிர் நின்றிருக்கிறது.

"என்னங்க இது?"

அவர் சுவரைப் பார்த்தார்.

"விக்கிரும்."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரம் ஒரு வாய்ச் சோறு மூச்சில் ஏறிவிட்டது. கண் செருகியது. அவள் தெருவுக்கு ஓடி, நைட்டியோடு, யாராவது வாங்களேன் என்று அலறினாள். அதை அவள் மறந்தேபோயிருந்தாள்.

"அன்னைக்கு... நீ கத்துனியே, அமலி." ஒவ்வொரு சொல்லாய் வந்தது. "இன்னொரு மட்டம்... அந்தச் சத்தத்த... கேக்க முடியாதுட்டி."

அவளுக்கு அழுகை வரவில்லை. அடுப்படிக்குப் போனாள். சோற்றைக் கட்டியில்லாமல் மசித்தாள். ரசத்தை ஊற்றி இன்னும் மசித்தாள். ஆற வைத்தாள்.

முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து அவரை நிமிர்த்தி உட்காரவைத்தாள். பின்னங்கால் நடுங்க ஊசி எழுந்து வந்து கிண்ணத்தை மோந்தது. ஒரு கையால் அதன் தலையைத் தன் மடியில் அமுக்கிக்கொண்டாள்.

"நாளைக்கு ரெண்டு பேரையும் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறேன்."

சின்னக் கரண்டி. பாதி மட்டும்.

அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்தது. அதுவும் இறங்கியது.

மூன்றாவது வாய்க்கு இருமினார். முகம் சிவந்தது. இடக்கை அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது.

அவள் சத்தம் போடவில்லை. கரண்டியையும் கீழே வைக்கவில்லை.

இருமல் அடங்கியது.

அவரே வாயைத் திறந்தார்.